ஏழாவது படி

வேடியப்பன் கொடுக்க வேண்டிய பாக்கி மூன்று லட்சத்துப் பதினாலாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கடிதத்தில் அதை எண்ணாலும் எழுதியிருந்தார்கள், எழுத்தாலும் எழுதியிருந்தார்கள். எண்ணில் பார்க்கும்போது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. எழுத்தில் ஒரு வரி முழுக்க ஓடி, அடுத்த வரியிலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான்கு தவணை தவறிவிட்டதாம். புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சாதனத்துடன் நேரில் வரவும் என்று முடிந்திருந்தது.

சாதனம் என்று அவர்கள் எழுதியிருந்தது அவனுடைய இரண்டு கால்களை.

இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. அதிலிருந்து தொடையோரமாக இறங்கும் அலுமினியச் சட்டங்கள். இடுப்புக்கும் முட்டிக்கும் கணுக்காலுக்கும் உள்ளங்கை அகலத்தில் மோட்டார்கள். முதுகில் சோற்று டப்பா அளவுக்கு ஒரு பேட்டரி. காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் கட்டி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். அப்புறம் ஊன்றுகோலின் தலையில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினால் கால்கள் அவனைத் தூக்கி நிறுத்தும். கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் நடக்கும், மறுபடியும் அமுக்கினால் அப்படியே நிற்கும். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வு கிடையாது. ஆனால் நடையின் ஆட்டம் முதுகு வழியாக மேலே ஏறி வரும். அந்த ஆட்டம் அவனுடையது இல்லை. அவன் மனைவி பச்சையம்மாவுடையது. அவள் செத்துப் பதினோரு மாசம் ஆகிறது.

அவன் குடியிருந்தது இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. கக்கூஸ் கீழே, நாலு குடித்தனத்துக்கும் பொது. இந்தக் கால்கள் வந்த பிறகுதான் யார் கையையும் எதிர்பார்க்காமல் அங்கே போய் வந்தான். தெருமுனை டைல்ஸ் கிடங்கில் உடைந்ததையும் நல்லதையும் பிரித்து அடுக்கும் வேலையும் கிடைத்திருந்தது. நாளுக்கு முந்நூற்றைம்பது. வாடகை போக, சோறு போக, மாசம் ஒன்பதாயிரம் தவணைக்கு எங்கே போவது. பச்சையம்மா இருந்தவரைக்கும் அவள் கூலி அப்படியே தவணைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் போன பிறகு அவள் கம்மலும் மூக்குத்தியும் கொஞ்ச மாசம் தவணை கட்டின. இப்போது விற்க ஒன்றும் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் கொத்தனார். ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது மாடி உயரத்தில் சாரக்கயிறு அவிழ்ந்து, பலகையோடு கீழே வந்தான். பூசிக்கொண்டிருந்த கரணை கையை விட்டுப் போகவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கால் போய்விட்டது. மண்டபத்துக்காரர் அறுபதாயிரம் கொடுத்துவிட்டுப் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் இரண்டரை வருஷம் கட்டில்தான். பச்சையம்மா விடியற்காலையில் அவனைப் புரட்டி, துடைத்து, வேட்டி மாற்றி, சோறு மூடிவைத்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் வேலைக்குப் போய்விடுவாள். சாயங்காலம் சிமெண்ட் அப்பிய காலோடு வந்து மறுபடியும் புரட்டுவாள். பிள்ளை கிடையாது. பார்க்க வேறு ஆளும் கிடையாது.

நிலையத்தைப் பற்றி யாரோ சொல்லி, ஒரு நாள் கூலியை ஆட்டோவுக்குக் கொடுத்து அவள்தான் அவனைக் கூட்டிப்போனாள். அங்கே உடற்பயிற்சி கொடுக்கும் நிலோஃபர் என்ற பெண் அவர்களை உட்காரவைத்து விளக்கினாள். நான் டாக்டர் இல்லைங்க என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் வேடியப்பனுக்கு அவள் டாக்டரம்மாதான்.

"மெஷினுக்குக் காலத் தூக்கத் தெரியும், மடக்கத் தெரியும். நடக்கத் தெரியாதுண்ணா. நடைய யாராச்சும் அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"நானே சொல்லிக் குடுக்கறன். இருவத்தஞ்சு வருஷம் சாரத்துல நடந்தவன்."

"உங்க முதுகுல இருந்து சேதி கீழ எறங்கலியே. அதனால உங்க வீட்ல ஒருத்தரு இந்தப் பட்டைய இடுப்புலயும் கால்லயும் கட்டிக்கிட்டு நாப்பது நாள் நடக்கணும். அவங்க நடைய இது வாங்கி வச்சுக்கும். அப்புறம் உங்க கால அதே மாதிரி நடத்தும்."

"யாரோட நடையாச்சும் ஒண்ணு ரெடியா இருக்குமே டாக்டரம்மா. அத மாட்டி வுடக் கூடாதா?"

"மாட்டிப் பாத்தோம். வழவழன்னு இருக்கற தரைல நல்லா நடந்தாங்க. படி வந்தா விழுந்துட்டாங்க. அதான் கூடவே இருக்கறவங்க நடைய எடுத்துப் பாக்கலாம்னு."

பச்சையம்மா பட்டையைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தாள்.

"நான் கட்டிக்கிறன். எப்பிடிம்மா நடக்கணும்?"

"எப்பவும் போல நடங்க. தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படியே. இதுக்குன்னு எதுவும் மாத்திக்க வேணாம்."

சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தாள். மூன்று தடவை வைத்தும் ரேகை விழவில்லை. சிமெண்ட் தின்ற விரல். வெறும் நீல வட்டமாக விழுந்ததையே போதும் என்று நிலோஃபர் எடுத்துக்கொண்டாள்.

நாற்பது நாளும் புடவைக்குள் பட்டையைக் கட்டிக்கொண்டு பச்சையம்மா எப்போதும் போல இருந்தாள். ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடவில்லை.

அப்புறம் ஒரு காலையில், நிலையத்தின் நீளமான கூடத்தில், வேடியப்பன் எழுந்து நின்றான். எல்லாம் மறுபடியும் அதனதன் உயரத்துக்கு வந்தது. முன்னால் சாய்ந்தான். கால்கள் அவனை வழுக்கிக்கொண்டு போவதுபோல் கொண்டுபோயின. முட்டி லேசாக மடங்கியபடி, இடுப்பு மட்டும் இரண்டு பக்கமும் அசைந்தது. அதற்கு மேலே ஆட்டமே இல்லை. தலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சுவரோரம் சக்கர நாற்காலியில் தனகோட்டி உட்கார்ந்திருந்தான். லாரி ஓட்டியவன். லாரி கவிழ்ந்து அவனுக்கும் கால் போய்விட்டது. மீசையை முறுக்குவது மட்டும் போகவில்லை.

"இன்னா மேஸ்திரி, கொடத்த எங்க வச்சிட்டு வந்த?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வேடியப்பனுக்கு முகம் செத்துப்போனது.

"நீ ஏன்யா இன்னும் குந்திகினு இருக்கற? உன் வூட்ல யாரும் நடக்கலியா?" என்று திருப்பிக் கேட்டான்.

"நடந்தாளே. என் பொண்டாட்டி நடந்து அவ அம்மா வூட்டுக்கே போயிட்டா. அந்த நடைய நான் எங்க போயி கேக்கறது?" தனகோட்டி அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

வீட்டுக்கு வந்து முதல் தடவையாக அந்த மாடிப்படியை ஏறினான். பின்னால் பச்சையம்மா, விழுந்தால் பிடிக்க. ஆறு படி ஏறி, ஏழாவது படியில் கால்கள் நின்றுவிட்டன. முன்னால் சாய்ந்து தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

"இன்னாடி இது, நடுவுல நின்னுடுச்சி. பேட்டரி போச்சா?"

"பேட்டரிலாம் இல்ல. நான் நிப்பன், அதான் அதுவும் நிக்குது. சித்த இரு, போவும்."

நாலு மூச்சு விடும் நேரம். அப்புறம் கால் தானாகத் தூக்கி அடுத்த படியில் வைத்தது. மறுபடியும் ஏழு படி, மறுபடியும் நின்றது.

"நடுவுல நிக்காதடி, கலவ காயுதுன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பன்."

"சொன்னியா? ஊரே கேக்கக் கத்துன. இப்ப நீயே நில்லு." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கத்தியது உண்மைதான். சதுர அடிக் கணக்கில் பூச்சு வேலை எடுக்கிறவனுக்கு நேரம்தான் காசு. சாரத்தின் மேலே நின்றுகொண்டு, படியில் கலவைச் சட்டியோடு வரும் சித்தாள்கள் எல்லோரையும்தான் விரட்டுவான். பச்சையம்மாவை இன்னும் ஒரு சத்தம் கூடுதலாக விரட்டுவான். பெண்டாட்டிக்கு மட்டும் சலுகை கொடுக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவள் சட்டியைத் தலையில் வைத்தபடியே ஒரு கையைச் சுவரில் ஊன்றி நிற்பாள். மேலேயிருந்து அவளுடைய உச்சியும் சட்டியும்தான் தெரியும். முகம் தெரியாது.

கால்கள் வந்த எட்டாவது மாசம் அவள் வேலையிடத்தில் செத்துப்போனாள். பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றின் மாடிப்படியில். கூட இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். சட்டியைத் தலையிலிருந்து இறக்கி, சுவரோரம் வைத்து, சும்மாட்டுத் துணியை மடித்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்திருக்கிறாள். கலவை ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஆஸ்பத்திரியில் இதய வால்வு பழுது என்றார்கள். சின்ன வயசிலிருந்தே இருந்திருக்கும் என்றார்கள். மூச்சு வாங்குதுன்னு சொன்னதே இல்லையா என்று கேட்டார்கள்.

"அவ நிப்பா," என்றான் வேடியப்பன். "அவ்ளோதான்."

அதற்குப் பிறகும் தினமும் ஏழாவது படியில் கால்கள் நின்றன. தினமும் அவன் முன்னால் சாய்ந்து தள்ளினான். பழக்கம் அப்படி. நின்றால் கோபம் வரும். கோபம் வந்த மறு நொடி, அது யார் மேல் என்று தெரிந்துவிடும். பின்னால் வருகிறவர்கள் முதுகில் இடித்துக்கொண்டு, "இன்னாண்ணா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?" என்பார்கள்.

புதன்கிழமை பத்து மணிக்கு நிலையத்தில் போய் உட்கார்ந்தான். கால்களைப் பிடுங்கிக்கொள்ளத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மனசைத் தயார் செய்து வைத்திருந்தான். ஆனால் கணக்கு பார்க்கிறவர் அங்கே இல்லை. நிலோஃபரும் மதனகோபால் என்ற இன்ஜினியரும் இருந்தார்கள். டீ கொடுத்தார்கள். டீ கொடுத்ததும் அவனுக்குப் பயம் அதிகமானது.

"உங்களோட சேத்து அறுபத்திரண்டு பேருக்குக் குடுத்திருக்கோம்," என்றார் இன்ஜினியர். "அதுல அம்பத்தெட்டு பேர் ஒரு தடவையாவது படில விழுந்திருக்காங்க. மூணு பேர் படிப் பக்கமே போகல. படி ஏறியும் விழாதது நீங்க ஒருத்தர்தான்."

"கக்கூஸு கீழ இருக்குது சார். ஏறி எறங்கித்தான ஆவணும்."

"அதைச் சொல்லல. உங்க மனைவியோட நடையே தனியா இருக்கு. இடுப்புக்கு மேல ஒரு அலுங்கல் கிடையாது. இந்த மாதிரி எங்ககிட்ட வேற இல்ல. அவங்களுக்கு டான்ஸ், யோகா, அப்படி ஏதாவது பழக்கமா? அந்த நாப்பது நாள் என்ன பண்ணாங்க?"

"வேலைக்குப் போனா."

"என்ன வேலை?"

"சித்தாளு."

நிலோஃபர் நிமிர்ந்தாள். "பட்டையோடயாண்ணா?"

"எப்பவும் போல நடக்கச் சொன்னீங்களே. எப்பவும் அவ தலையில சட்டி இருக்கும். கலவ, மணலு, ஜல்லி. இருவது கிலோ, இருவத்தஞ்சு கிலோ. சும்மா கைய வீசிகினு அவ எப்ப நடந்தா?"

வீட்டில், தெருவில், கடைக்குப் போய் வருகையில் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். தாளில் தொழில் என்ற இடத்தில் யாரோ இல்லத்தரசி என்று எழுதியிருந்தார்கள். இன்ஜினியர்தான் முதலில் பேசினார். அவர் குரல் மாறிவிட்டிருந்தது.

"பாரம். அதான். தலைல பாரத்த வச்சுக்கிட்டு சிந்தாம ஏறணும்னா உடம்பு ஆடவே கூடாது. அதான் விழல. அப்ப இத்தனை நாளும் உங்க கால், தலைல இருபது கிலோ இருக்கறதா வச்சுக்கிட்டு நடந்திருக்கு."

வேடியப்பனின் கை தானாகத் தலைக்குப் போனது. மயிரைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியது.

இன்ஜினியர் விஷயத்துக்கு வந்தார். நடை கொடுக்க வீட்டில் ஆள் இல்லாதவர்கள் நானூறு பேர் காத்திருக்கிறார்கள். பச்சையம்மாவின் நடையை அவர்கள் எல்லோருக்கும் போடலாம். வாரிசு என்று வேடியப்பன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்துவிடுவார்கள். கால்கள் அவனுக்கே சொந்தம்.

"ஒரே ஒரு சின்னத் திருத்தம்தான். அந்த ஏழாவது படில நிக்குதே, அந்தப் பிழைய எடுத்துடுவோம். உங்களுக்கும் சேத்துத்தான். எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்."

"அது பிழை இல்ல சார்," என்றாள் நிலோஃபர். அவள் வேடியப்பன் பக்கம் திரும்பினாள். ஆனால் அவன் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினாள். "போன வாரம்தான் முழுசா எடுத்துப் பாத்தேன்ணா. மொத வாரம் அவங்க முப்பத்தாறு படி ஏறின அப்புறம் நின்னிருக்காங்க. ரெண்டாவது வாரம் பதினெட்டு. அப்புறம் பன்னெண்டு. கடைசி வாரம் ஏழு. அந்தக் கடைசி வாரத்தைத்தான் மெஷின் எடுத்துக்கிச்சு. எல்லாம் எங்க கையிலயே இருந்துச்சு. நாங்க முட்டியப் பாத்தோம். மூச்சப் பாக்கல."

வேடியப்பன் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். நாற்பது நாளில் முப்பத்தாறு ஏழாகியிருக்கிறது. அவனுக்கு நடை கொடுப்பதற்காக அவள் ஏறிய படிகள் இல்லை அவை. எப்படியும் ஏறியிருப்பாள். ஆனாலும்.

"சட்டி இருக்கட்டும், நிக்கறது மட்டும் வேணாம்," என்றான். "அதான சார் சொல்றீங்க?"

"அப்படிச் சொல்லல..."

"அப்பிடித்தான் சார். நானும் அதத்தான் சொன்னன். பதினெட்டு வருஷம் சாரத்து மேல நின்னுகினு தெனமும் சொன்னன்." அவன் குரல் உயரவில்லை. "சட்டிய எறக்க முடியுமா?"

"பாரத்த எடுத்தா அந்த நடை வராது. விழுவாங்க."

"அப்ப நிக்கறதும் இருக்கட்டும். அவ நின்ன எடத்துல நிக்கட்டும். எனக்குப் பைசா தள்ள வேணாம், அப்பிடியே எடுத்துக்கங்க."

"நடுப்படில நின்னா ரிப்பேர்னுதான் நினைப்பாங்க. அப்படி ஒண்ண நாங்க யாருக்கும் குடுக்க முடியாது. கொஞ்சம் யோசிங்க. கையெழுத்து இல்லன்னா, பாக்கிக்கு விதி என்னவோ அதுதான்."

வேடியப்பன் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கீழே இருக்கும் கக்கூஸை யோசித்தான். டைல்ஸ் கிடங்கை யோசித்தான். அப்புறம் குனிந்து வலது கணுக்காலின் பட்டையை அவிழ்த்தான். ஒவ்வொன்றாக அவிழ்த்து, சட்டங்களை மடக்கி, மேஜைமேல் வைத்தான். நிலோஃபர் ஒரு சக்கர நாற்காலி கொண்டுவந்தாள்.

வெளியே மரத்தடியில் தனகோட்டி காத்திருந்தான். விஷயம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த நானூறு பேரில் அவனும் ஒருவன்.

"கையெழுத்து போட்டியா?"

"இல்ல."

தனகோட்டி அவன் மடியைப் பார்த்தான். காலைப் பார்த்தான். மீசைக்குப் போன கை பாதியில் நின்றது.

"யோவ், உனக்கு ஒரு நிப்புதான்யா போவுது. எனக்கு ரெண்டு காலும் போவுது."

"தெரியுது."

"செத்தவ நின்னா இன்னா, நிக்காட்டி இன்னா? உசுரோட இருக்கறவன் குந்திகினு இருக்கறனே, அது உன் கண்ணுக்குத் தெரியலியா?"

இரண்டு சக்கர நாற்காலிகளும் எதிரெதிரே நின்றன. தனகோட்டிதான் முதலில் திருப்பிக்கொண்டு போனான்.

ஒரு மாசம் ஆனது. கீழ்வீட்டுக்காரரும் அவர் தம்பியும் காலையில் ஒரு தடவை அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விட்டார்கள். மீதி நேரத்துக்கு வாளிதான். கிடங்கில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். சோறு எதிர்வீட்டிலிருந்து வந்தது. நாலாவது வாரம் எதிர்வீட்டுக்காரி தட்டை வைக்கும் சத்தம் கொஞ்சம் மாறியது. அவன் படுத்துக்கொண்டு சுவரின் பூச்சைப் பார்த்தான். மட்டம் சரியில்லாத பூச்சு. அவசரத்தில் பூசியிருக்கிறான் எவனோ. தான் செய்தது சரிதானா என்று அவனுக்கே தெரியவில்லை. தனகோட்டி கேட்டது காதிலேயே இருந்தது. பச்சையம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தால், கையெழுத்தைப் போட்டுவிட்டு வாய்யா என்றுதான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அதுதான் இன்னும் வலித்தது.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை நிலோஃபர் மாடியேறி வந்தாள். தோளில் பெரிய பை. பையிலிருந்து அவன் கால்களை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"இன்னா டாக்டரம்மா?"

"உங்க நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டாங்கண்ணா. நிக்கறது அப்படியே இருக்கும். எல்லாருக்கும்."

"அந்த சாரா? மனசு எறங்கிட்டாரா?"

நிலோஃபர் பொய் சொல்லலாமா என்று பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

"நீங்க எப்படியும் வந்து கையெழுத்துப் போடுவீங்கன்னு நினைச்சாங்க. அதுக்குள்ள சோதிச்சு வச்சிடலாம்னு, ஒரு பொம்மைக்கு மாட்டி, படிமேல ஓட விட்டாங்க. அந்த நடையேதான், நிக்கறத மட்டும் எடுத்துட்டு. அஞ்சாவது மாடி வர்றதுக்குள்ள இடுப்பு மோட்டார் எரிஞ்சிடுச்சு. வேற போட்டாங்க. அதுவும் எரிஞ்சிடுச்சு. பாரத்தோட ஏர்ற நடையில்லியா, சூடாகுது. ஏழு படிக்கு ஒரு தடவை நின்னாத்தான் ஆறுது. இத்தனை நாளா உங்களுது எரியாம இருந்ததே அதனாலதான்."

வேடியப்பன் கட்டிலில் கிடந்த மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

"மோட்டாரு சொன்னாத்தான் கேப்பாங்களா?" என்றான்.

நிலோஃபர் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவனுக்குச் சங்கடமாகிவிட்டது.

"தாள எடும்மா. எங்க போடணும்?"

அவன் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். அதே தாளின் இன்னொரு பக்கத்தில் பச்சையம்மாவின் பழைய கைநாட்டை நகலெடுத்துச் சேர்த்திருந்தார்கள். ரேகை இல்லாத நீல வட்டம். நிலோஃபர் இன்னொரு தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மூன்று லட்சத்துப் பதினாலாயிரத்து அறுநூற்று நாற்பது என்று எழுதி, அதற்குக் கீழே, தள்ளுபடி, பாக்கி ஏதுமில்லை என்று முத்திரை வைத்திருந்தது. இந்தத் தடவை எல்லாம் ஒரே வரியில் அடங்கியிருந்தது.

"தனகோட்டி அண்ணன் கீழ ஆட்டோல இருக்காரு," என்றாள் நிலோஃபர். "நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் வீட்டுக்குப் போக மாட்டேன்னுட்டாரு."

வேடியப்பன் கால்களைக் கட்டிக்கொண்டான். விரல்கள் மறந்திருந்தன. அரை மணி நேரம் ஆனது. பொத்தானை அமுக்கினான். எழுந்தான். பழைய ஆட்டம் முதுகில் ஏறி வந்தது. படி இறங்கிக் கீழே போனான்.

ஆட்டோவில் தனகோட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போட்டுட்டியாமே."

"போட்டுட்டன்."

"வாற வெள்ளிக்கெழம எனக்கு மாட்றாங்க." அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னிக்கி வாய்க்கு வந்தத பேசிட்டன். மனசுல வச்சிக்காத."

"நீ கேட்டது தப்பில்லியே."

"ஏழாவது படியா?"

"ஏழாவது படி. தள்ளாத. நாலு மூச்சு இரு, அதுவே போவும்."

"தள்ள மாட்டன்யா," என்றான் தனகோட்டி. கொஞ்சம் பொறுத்து, "இந்த மீசைய வச்சிகினு அந்த நடைய எப்பிடி நடக்கறதுன்னுதான் ரோசன பண்றன்," என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆட்டோ கிளம்பிப் போனது.

வேடியப்பன் திரும்பிப் படியேறினான். ஒன்று, இரண்டு, மூன்று. முட்டி மடங்கி, இடுப்பு அசைந்து, தலை அலுங்காமல். தலைக்கு மேலே இருபது கிலோ இருப்பது இப்போது அவனுக்குத் தெரியும். ஏழாவது படியில் கால்கள் நின்றன.

அவன் முன்னால் சாயவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றினான். அந்த இடத்தில் சுவர் ஏற்கெனவே கொஞ்சம் அழுக்காகியிருந்தது. அவள் உயரத்துக்கு. சட்டைப்பையில் பாக்கி ஏதுமில்லை என்ற தாள் மடித்து இருந்தது. நாலு மூச்சு முடிந்ததும் கால் அடுத்த படிக்குத் தூக்கப் பார்த்தது. அவன் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கி அதை நிறுத்தினான்.

"இரு பச்ச," என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் நில்லு. கலவ காஞ்சா காயட்டும்."